பால் புரதத்திலிருந்து மூளை வரை: உணவுப் பெப்டைடுகள் வலிப்பு நோய்க்கு மருந்தாகுமா?

உலகெங்கும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் ஐந்தில் நான்கு பேர் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில் இருக்கிறார்கள். நோயைச் சரியாகக் கண்டறிந்து, ஏற்ற மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்துவந்தால் பெரும்பாலானோருக்கு வலிப்பு அடங்கிவிடும். அடங்காமல் மிஞ்சுகிறவர்களின் நிலைதான் நரம்பியல் மருத்துவர்களை நெடுங்காலமாக வாட்டி வருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1982 முதல் 2012 வரை புதிதாக நோய் கண்டறியப்பட்ட 1,795 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓராண்டாவது வலிப்பே வராமல் இருந்தவர்கள் 63.7 சதவீதம். அந்த முப்பது ஆண்டுகளில் புதிய மருந்துகள் பல சந்தைக்கு வந்தன. பக்க விளைவுகள் குறைந்தன. ஆனால் வலிப்பிலிருந்து விடுபட்டவர்களின் விகிதம் மட்டும் பெரிதாக உயரவில்லை. மூன்றில் ஒருவர் அன்றும் வெளியே நின்றார், இன்றும் வெளியே நிற்கிறார்.

வலிப்பு மருந்தைத் தேடுகிறவர்கள் வழக்கமான வேதிப்பொருள்களைத் தாண்டி வேறு இடங்களிலும் கண்ணோட்டம் செலுத்துவதற்கு இந்த மூன்றில் ஒருவரே காரணம். அப்படித் தேடப்படும் இடங்களில் ஒன்று, நாம் உண்ணும் புரதங்கள் செரிக்கும்போது உண்டாகும் பெப்டைடுகள். பால், சோயா, கீரை, இறைச்சி ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் இந்தச் சிறு மூலக்கூறுகள் வலிப்பைத் தணிக்கக்கூடும் என்ற கருத்து ஆய்விதழ்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அங்கிருந்து சத்துப்பொடி விளம்பரங்களுக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும் அது தாவிவிடுகிறது. இக்கருத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எந்த இடத்தில் அது இடறுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது. வலிப்பு வரும் குழந்தையை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இரவையும் கவலையோடு கழிக்கும் குடும்பங்களுக்கு, நம்பிக்கை எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை அந்த நம்பிக்கையின் அளவு பற்றிய தெளிவும்.

உணவால் வலிப்பை அடக்க முடியும் என்பது கற்பனை அன்று. 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், கொழுப்பை மிகுதியாகவும் மாவுச்சத்தை மிகக் குறைவாகவும் கொண்ட கீட்டோஜெனிக் உணவுமுறையை வலிப்பு நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார். பட்டினி கிடக்கும்போது வலிப்பு குறைவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். பட்டினியின் வேதிநிலையைச் சாப்பாட்டின் மூலமாகவே உண்டாக்கலாம் என்பது அவருடைய எண்ணம். பிறகு வந்த மாத்திரைகள் அந்த முறையை ஓரங்கட்டின. 2008-இல் லண்டனில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளிடம் முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்று நடந்தது. மூன்று மாதங்களுக்குப் பின், உணவுமுறையைப் பின்பற்றிய குழந்தைகளில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அந்த விகிதம் 6 சதவீதம். இந்த உணவுமுறையின் ஒரு வகையில் பயன்படும் தேங்காய் எண்ணெய்ச் சார்ந்த கொழுப்புகளில் உள்ள டெக்கனாயிக் அமிலம், மூளையில் கிளர்ச்சியைக் கடத்தும் ஆம்பா ஏற்பிகளை (வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரதங்களை) நேரடியாகத் தடுக்கிறது என்பதும் 2016-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. உணவில் இருக்கும் ஒரு மூலக்கூறு மூளையின் ஏற்பி ஒன்றில் போய் அமர்வது சாத்தியம் என்பதற்கு இது சான்று. ஆனால் இது கொழுப்பின் கதை. கொழுப்பு அமிலம் சிறியது, எண்ணெயில் கரைவது. பெப்டைடின் இயல்பு வேறு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட தொடர். பூக்கடையில் நீளமான சரத்திலிருந்து முழம் போட்டு நறுக்குவதைப் போல, செரிமான நொதிகள் அந்தத் தொடரை ஆங்காங்கே வெட்டும்போது கிடைக்கும் சிறு துண்டுகளே பெப்டைடுகள். இரண்டு அமினோ அமிலம் கொண்டதும் பெப்டைடுதான், முப்பது கொண்டதும் பெப்டைடுதான். உடல் இவற்றை வெறும் கட்டுமானப் பொருளாக மட்டும் வைத்திருக்கவில்லை. செய்தி சொல்லும் மூலக்கூறுகளாகவும் பயன்படுத்துகிறது.

மூளையில் இயல்பாகவே சுரக்கும் சில பெப்டைடுகள் வலிப்புக்குத் தடைபோடுகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. 36 அமினோ அமிலங்களைக் கொண்ட நியூரோபெப்டைடு-ஒய் அவற்றில் முதன்மையானது. எலியின் மூளையில் வலிப்பு நிகழ்ந்த பின் நினைவகப் பகுதியான ஹிப்போகாம்பஸில் இதன் அளவு ஏறுகிறது. மூளை தன்னைத் தானே அடக்கிக்கொள்ள முயல்வதாக இதை ஆய்வாளர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பெப்டைடைச் சுரக்க முடியாதபடி மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளுக்கு, வலிப்பைத் தூண்டும் கைனிக் அமிலத்தைச் செலுத்தினால், சாதாரண எலிகள் பிழைத்துக்கொள்ளும் வலிப்பில் அவை மடிந்துபோகின்றன. கேலனின், சொமட்டோஸ்டாட்டின், டைனார்ஃபின் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

பெப்டைடு ஒன்று வலிப்பு மருந்தாக மருத்துவமனைகளில் பல காலமாகப் புழங்கியும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கு வரும் வெஸ்ட் நோய்க்குறியில், உடலை மடக்கி மடக்கித் தெறிக்கும் வலிப்புக்கு 1958 முதல் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ஊசியாகப் போடுகிறார்கள். அது பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும், 39 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. ஆகவே பெப்டைடு வலிப்பை அடக்குமா என்று கேட்டால் பதில் தெளிவானது: அடக்கும். வாய்வழியே விழுங்கிய உணவிலிருந்து பிறந்த பெப்டைடு அடக்குமா என்பதே விடை தேடும் கேள்வி. ஏ.சி.டி.எச். ஊசியாக மட்டுமே போடப்படுகிறது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உணவுப் பெப்டைடுகளில் மிக நெருக்கமாக ஆராயப்பட்ட ஒன்றை எடுத்துப் பார்ப்போம். மாட்டுப்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசின். அதன் ஒரு வகையான ஆல்ஃபா-எஸ்1 கேசின் 199 அமினோ அமிலங்களால் ஆனது. பிரான்ஸின் நான்சி நகர ஆய்வாளர்கள் இந்தக் கேசினை ட்ரிப்சின் நொதியால் வெட்டி, கிடைத்த துண்டுகளை எலிகளின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவிலேயே எலிகளின் பதற்றம் குறைந்தது. காரணமான துண்டைப் பிரித்தெடுத்து 2001-இல் வெளியிட்டார்கள். தொடரின் 91-ஆம் இடத்திலிருந்து 100-ஆம் இடம் வரையான பத்து அமினோ அமிலங்கள்: டைரோசின், லியூசின், கிளைசின், டைரோசின், லியூசின், குளுட்டமிக் அமிலம், குளுட்டமின், லியூசின், லியூசின், ஆர்ஜினின். இதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆல்ஃபா-கேசோசெபைன். பதற்றத்தைத் தணிக்கும் டயசெபாம் போன்ற மருந்துகள் போய் அமரும் காபா-ஏ ஏற்பியின் அதே இடத்தில் இதுவும் அமர்கிறது என்பதாலேயே அந்தப் பெயர்.

மூளையில் கிளர்ச்சியைத் தணிக்கும் முதன்மைக் கடத்தி காபா. வலிப்பு நிற்காமல் தொடரும்போது மருத்துவமனையில் ஊசியாகப் போடப்படும் லோராசெபாமும், வீட்டிலேயே மூக்கில் பீய்ச்சக் கொடுக்கப்படும் மிடாசோலமும், தினசரி மாத்திரையான குளோபசாமும் காபா-ஏ ஏற்பியைத்தான் ஊக்குகின்றன. பாலிலிருந்து வரும் பெப்டைடு அதே ஏற்பியைத் தொடுகிறது என்றால், அது வலிப்புக்கும் உதவுமே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

இனி கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் மாட்டுப்பாலில் சுமார் 10 கிராம் ஆல்ஃபா-எஸ்1 கேசின் இருக்கிறது. நமக்கு வேண்டிய பத்து அமினோ அமிலத் துண்டு அந்தப் புரதத்தின் எடையில் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதாவது ஒரு மூலக்கூறுகூட வீணாகாமல் மிகத் துல்லியமாக வெட்டப்பட்டாலும், ஒரு லிட்டர் பாலிலிருந்து அரை கிராம் அளவுக்குத்தான் கேசோசெபைன் கிடைக்கும். துல்லியமாக வெட்டப்படுமா? ட்ரிப்சின் நொதி ஆர்ஜினின் அல்லது லைசினுக்கு அடுத்து வெட்டும் இயல்புடையது. 90-ஆம் இடத்திலும் 100-ஆம் இடத்திலும் ஆர்ஜினின் இருப்பதால், ட்ரிப்சின் மட்டும் இருக்கும் சோதனைக்குழாயில் இந்தத் துண்டு முழுசாக வெளிவருகிறது. நம் குடலில் ட்ரிப்சின் தனியாக இல்லை. அதற்கு முன்பே இரைப்பையில் பெப்சின் வேலை செய்திருக்கும்; சிறுகுடலில் ட்ரிப்சினோடு கைமோட்ரிப்சினும் சேர்ந்தே சுரக்கிறது. கைமோட்ரிப்சினுக்குப் பிடித்தமான வெட்டுமிடங்கள் டைரோசினும் லியூசினும். கேசோசெபைனின் பத்து இடங்களில் ஆறு அவைதான். ஆய்வகத்தில் பிறந்த வடிவத்திலேயே அது மனிதக் குடலில் பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்க அதன் கட்டமைப்பு இடம் தரவில்லை.

பிழைத்தாலும் அடுத்த தடை குடல் சுவர். பெப்டைடுகளைக் குடலிலிருந்து உள்ளே ஏற்றும் பெப்ட்-1 என்ற கடத்தி, இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலம் கொண்ட துண்டுகளை மட்டுமே ஏற்கும்; நான்கோ அதற்கு மேலோ இருந்தால் அதற்கு ஏலாது. வேறு வழிகளில் கசிந்து உள்ளே போகும் அளவு மிகச் சொற்பம். ரத்தத்துக்குள் நுழைந்தவற்றை அங்கிருக்கும் நொதிகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் சிதைத்துவிடுகின்றன. அதையும் கடந்தால், மூளையின் நுண்குழாய்களில் அணுக்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும் ரத்த-மூளைத் தடுப்பு இருக்கிறது. நீரில் கரையும் பெப்டைடுகளுக்கு அங்கே வாசல் ஏறக்குறைய இல்லை.

ஆனாலும் கேசோசெபைன் கதையில் விளங்காத ஒரு முடிச்சு இருக்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. காபா-ஏ ஏற்பியின்மீது அதன் பிடிப்பு டயசெபாமின் பிடிப்பைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. அப்படியிருந்தும் விலங்குகளிடம் அதன் விளைவு அந்த விகிதத்தில் குறையவில்லை. ஆகவே அது வேறு வழியிலும் வேலை செய்கிறது என்று கருத வேண்டியிருக்கிறது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட முடிவு இதற்கு ஒரு வெளிச்சம் தருகிறது. கேசோசெபைனின் முதல் இரண்டு அமினோ அமிலங்களான டைரோசின்-லியூசின் மட்டும் சேர்ந்த மிகச் சிறிய துண்டே சுண்டெலிகளின் பதற்றத்தை டயசெபாமுக்கு நிகராகக் குறைத்தது. அது செரோட்டோனின், டோப்பமின், காபா ஆகிய மூன்று பாதைகளையும் தொட்டுச் செல்வதாகத் தெரிந்தது. இரண்டே அமினோ அமிலம் என்பதால் பெப்ட்-1 வாசலுக்குள்ளும் அது நுழையும். என் கணிப்பில், உணவுப் பெப்டைடு ஆய்வில் உண்மையான வாய்ப்பு இருப்பது இத்தகைய இரண்டு, மூன்று கண்ணித் துண்டுகளில்தான். நீளமான துண்டுகளை ஊசியால் எலிக்குச் செலுத்திப் பெறும் முடிவுகளிலிருந்து உணவு பற்றி எதையும் சொல்ல இயலாது.

பால் கேசினின் ட்ரிப்சின் துண்டுகளை மனிதர்களுக்கும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அவை மன அழுத்தத்தையும் உறக்கத்தையும் அளந்த சிறிய ஆய்வுகள். பதற்றத்துக்கு உதவுவது வலிப்புக்கும் உதவும் என்று அவற்றிலிருந்து தாவிவிட முடியாது. காபா-ஏ வழி புதிய வழியும் அன்று. மருந்துக்கு அடங்காத நோயாளிகளில் பலர் குளோபசாம் போன்றவற்றை ஏற்கெனவே எடுத்துப் பார்த்தவர்கள். நாளடைவில் உடல் அந்த மருந்துக்குப் பழகிப்போய் அதன் பலன் தேய்வதையும் கண்டவர்கள். அதே ஏற்பியைப் பத்தாயிரம் மடங்கு தளர்வாகப் பிடிக்கும் ஒன்று, அவர்களுக்குப் புதிதாக என்ன தரும்?

இரண்டு கண்ணி உள்ள பெப்டைடு ஒன்றின் வரலாறு இன்னும் படிப்பினை நிறைந்தது. கார்னோசின் என்பது பீட்டா-அலனினும் ஹிஸ்டிடினும் சேர்ந்தது. 1900-இல் இறைச்சிச் சாற்றிலிருந்து ரஷ்ய வேதியியலாளர் குலேவிச் பிரித்தெடுத்தார். கோழி, ஆடு, மாடு, மீன் ஆகியவற்றின் தசையில் இது தாராளமாக இருக்கிறது. சீனாவின் ஹாங்சோ நகரில் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பென்டிலீன்டெட்ராசோல் என்ற வேதிப்பொருளால் எலிகளுக்கு வலிப்பை உண்டாக்கி, கார்னோசின் செலுத்தப்பட்ட எலிகளில் வலிப்பின் கடுமை குறைவதைக் காட்டினார்கள். செரித்தலுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும், பெப்ட்-1 வழியே உள்ளே போகும், அன்றாட உணவிலேயே இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

எலிக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள ஒரு நொதி இங்கே குறுக்கே நிற்கிறது. மனித ரத்தத்தில் கார்னோசினேஸ் என்ற நொதி உண்டு. கார்னோசின் உள்ளே வந்தவுடன் அதை இரண்டாகப் பிளந்துவிடும். எலியின் ரத்தத்தில் அந்த நொதி இல்லை. அதனால் எலிக்குக் கொடுத்த கார்னோசின் நெடுநேரம் சுற்றிவருகிறது. இறைச்சி உண்ட மனிதரின் ரத்தத்திலோ அதைக் காண்பதே அரிது. இன்னொரு திருப்பமும் இருக்கிறது. 1967-இல், இந்த நொதி குறைவாக இருந்ததால் கார்னோசின் உடலில் தேங்கிய இரண்டு குழந்தைகளைப் பற்றிய குறிப்பு வெளியானது. அந்தக் குழந்தைகளுக்கு வலிப்பு அடங்கியிருக்கவில்லை. மாறாக, கடுமையான வலிப்பும் மூளை வளர்ச்சிக் குறைவும் இருந்தன. அதே குறைபாட்டோடு நலமாக வளர்ந்தவர்களும் பிற்பாடு கண்டறியப்பட்டதால், நொதிக் குறைவுதான் அந்த வலிப்புக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனினும் கார்னோசின் மிகுந்தால் வலிப்பு குறையும் என்ற எளிய சமன்பாட்டை அந்தக் குழந்தைகள் கேள்விக்குள்ளாக்கிவிட்டார்கள். கார்னோசினின் உறவான ஹோமோகார்னோசின் வேறு கதை. காபாவும் ஹிஸ்டிடினும் சேர்ந்த அது மூளைக்குள்ளேயே உண்டாவது. மூளையில் அதன் அளவு கூடுதலாக இருந்த நோயாளிகளுக்கு வலிப்புக் கட்டுப்பாடு மேம்பட்டிருந்ததை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் காந்த அதிர்வு முறையில் அளந்து காட்டினார்கள். அது உணவிலிருந்து வருவதன்று. ஆனால் எந்த மூலக்கூறைக் குறிவைக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம்.

அபின் வகை ஏற்பிகளைத் தொடும் உணவுப் பெப்டைடுகளும் இருக்கின்றன. பால் கேசினிலிருந்து வரும் பீட்டா-கேசோமார்ஃபின் 1979-இல் விவரிக்கப்பட்டது. கோதுமைப் புரதத்திலிருந்தும் அதே ஆண்டில் இத்தகைய துண்டுகள் காட்டப்பட்டன. பசலைக்கீரை முதலான பச்சிலைகள் அனைத்திலும் இருக்கும் ருபிஸ்கோ புரதத்திலிருந்து ருபிஸ்கோலின், சோயாவிலிருந்து சோயமார்ஃபின் எனப் பட்டியல் நீள்கிறது. வலிப்பைப் பொறுத்தவரை இவற்றிடம் நிதானம் தேவை. ருபிஸ்கோலின் தூண்டுவது டெல்டா வகை அபின் ஏற்பியை. அதே ஏற்பியை வலுவாகத் தூண்டும் செயற்கைச் சேர்மங்கள் சில, எலிகளிடம் வலிப்பை உண்டாக்கியிருக்கின்றன. ஓர் ஏற்பியைத் தொடுவது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது அளவையும் இடத்தையும் பொறுத்தது. கீரை உண்பதால் யாருக்கும் வலிப்பு வருவதில்லை. கீரையின் பெப்டைடை மருந்தளவுக்குச் செறிவாக்கிக் கொடுப்பது வேறு செயல்.

மூளைக்குள் நுழையாமலே மூளையை மாற்ற முடியுமா என்ற கேள்வி, இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைக் கழுத்தில் மின்கருவி பொருத்தித் தூண்டுவது, 1997 முதல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட வலிப்புச் சிகிச்சை. குடல் சுவரின் ஏற்பிகளை ஒரு பெப்டைடு தொட்டு, அந்தச் செய்தி வேகஸ் வழியே மேலே போகுமானால், ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டவேண்டிய அவசியமே எழாது. 2018-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எலேன் ஷியாவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, குடலின் பங்கை எதிர்பாராத கோணத்திலிருந்து காட்டியது. கீட்டோஜெனிக் உணவு தந்த பாதுகாப்பு, குடல் நுண்ணுயிரிகள் அழிக்கப்பட்ட சுண்டெலிகளிடம் மறைந்துவிட்டது. குறிப்பிட்ட இரண்டு வகை நுண்ணுயிரிகளைச் சேர்த்துக் கொடுத்தபோது திரும்ப வந்தது. அப்போது குடலிலும் ரத்தத்திலும் குறைந்திருந்தவை, குளுட்டமிக் அமிலம் வேறோர் அமினோ அமிலத்தோடு ‘காமா’ எனப்படும் தனி வகைப் பிணைப்பில் சேர்ந்த சிறு பெப்டைடுகள். அவை குறைந்தபோது மூளையில் காபாவின் விகிதம் உயர்ந்தது, வலிப்பு தொடங்கத் தேவையான தூண்டுதலின் அளவும் உயர்ந்தது. பெப்டைடு கூடுவதால் மட்டும் அல்ல, சில பெப்டைடுகள் குறைவதாலும் பாதுகாப்பு வரலாம் என்பதை இந்த முடிவு காட்டுகிறது. ஏதோ ஒரு பெப்டைடுப் பொடியைக் கூடுதலாக விழுங்குவது எப்போதும் நன்மைதான் என்ற நினைப்புக்கு இது நேர் எதிரானது.

உணவிலிருந்து வருவது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் நரம்பு மண்டலத்தின் விஷயத்தில் செல்லாது. நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டால் விடாத விக்கலும் மனக்குழப்பமும் வலிப்பும் வந்து, உயிரிழப்புகூட நேரிட்டிருக்கிறது. அதற்குக் காரணமான கேரம்பாக்சின் என்ற பொருளைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் அடையாளம் கண்டார்கள். அது ஓர் அமினோ அமில வகை, மூளையில் கிளர்ச்சியைக் கூட்டும் குளுட்டமேட் ஏற்பிகளைத் தூண்டுவது. நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடுவதால்தான் மற்றவர்கள் தப்பிக்கிறார்கள்.

விலங்குச் சோதனைகளைப் படிக்கும் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். புதிய பொருளுக்கு வலிப்பைத் தடுக்கும் திறன் உண்டா என்று பார்க்க, நலமான எலிக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்கள், அல்லது பென்டிலீன்டெட்ராசோல் செலுத்துவார்கள். அந்த எலிக்கு வலிப்பு நோய் இல்லை. வலுக்கட்டாயமாக ஒருமுறை வலிப்பு வரவழைக்கப்படுகிறது. இன்று உலகெங்கும் மிகுதியாக எழுதப்படும் வலிப்பு மருந்துகளில் ஒன்றான லெவெடிராசெட்டாம் இந்த இரண்டு சோதனைகளிலும் பலன் காட்டவில்லை. நாள்பட மூளையை வலிப்புக்குப் பழக்கிய எலிகளிடமும், ஒலியால் வலிப்பு வரும் சுண்டெலிகளிடமும்தான் அதன் திறன் வெளிப்பட்டது. அது 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையில் அது பற்றும் எஸ்.வி.2ஏ என்ற புரதம் தெரியவந்தது 2004-இல். எளிய சோதனையில் தோற்ற பொருள் நல்ல மருந்தாகலாம் என்றால், எளிய சோதனையில் வென்ற உணவுப் பெப்டைடு நோயாளியிடம் ஒன்றுமில்லாமல் போகவும் செய்யலாம். ஒரு செய்தி கண்ணில் படும்போது, பெப்டைடு ஊசியால் செலுத்தப்பட்டதா, விழுங்கக் கொடுக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். வலிப்பு வருமுன் கொடுத்தார்களா, நோய் முற்றிய விலங்குக்குக் கொடுத்தார்களா என்பது அடுத்தது. பல செய்திகள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

இவ்வளவு தடைகள் இருந்தும் ஆய்வாளர்கள் விடாமல் தொடர்வதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பிரேசிலின் ஜராராக்கா விரியன் பாம்பின் நஞ்சில் இருந்த பெப்டைடுகளை 1965-இல் செர்ஜியோ ஃபெரேரா விவரித்தார். அந்தப் பெப்டைடை யாரும் மாத்திரையாக்கவில்லை. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும் நொதி ஒன்றைப் பற்றும் விதத்தைப் படித்து, அதே விதத்தில் பற்றும் சின்னஞ்சிறு மூலக்கூறை வேதியியலாளர்கள் வடித்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை அப்படிப் பிறந்தது. கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து வந்த, 25 அமினோ அமிலம் கொண்ட சிகோனோடைடு 2004-இல் வலி மருந்தாக ஏற்கப்பட்டபோது வேறு வழி தேட வேண்டியிருந்தது: அதை நேரடியாகத் தண்டுவட நீரில்தான் செலுத்த வேண்டும். நீரிழிவுக்கான செமாக்ளுடைடு பெப்டைடு 2019-இல் மாத்திரை வடிவம் பெற்றது. அதை உறிஞ்சச் செய்யும் துணைப்பொருள் சேர்த்தும், விழுங்கியதில் ஒரு சதவீத அளவே ரத்தத்தை அடைகிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கேலனின் பெப்டைடின் சுருக்கிய வடிவத்தில் கொழுப்பு அமிலத்தையும் நேர்மின் ஏற்றமுள்ள லைசின்களையும் பொருத்தி, ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி எலிகளின் வலிப்பைத் தடுக்கச் செய்திருக்கிறார்கள். உணவுப் பெப்டைடுகளின் எதிர்காலமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டைரோசின்-லியூசினோ கார்னோசினோ வலிப்பு மருந்தாக வந்தால், நொதிக்குச் சிக்காதபடி திருத்தப்பட்ட வேறு வடிவில்தான் வரும். அதன் பிறப்பிடம் பால் என்பதும் இறைச்சி என்பதும் மருந்தின் வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே நிற்கும்.

இன்றைய நிலையில் உணவிலிருந்து பெறப்பட்ட எந்தப் பெப்டைடும் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக அங்கீகரிக்கப்படவில்லை. வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் முழுதாக மறையவில்லை. அந்த இடத்தில் இப்போது ‘இயற்கைப் புரதப் பொடி’ வந்து அமர்வதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. கையில் திணித்த அந்த இரும்பு, வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லை. பொடி விற்பவர்களில் சிலர் சொல்கிறார்கள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், ஐந்து நிமிடத்துக்கு மேலும் நிற்காத தொடர்வலிப்பு வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தான அவசரநிலை.

முறையான சோதனை எப்படி நடக்கும் என்பதையும் பார்க்கலாம். புதிய பொருளை நோயாளிகளுக்கு முதலில் தனியாகக் கொடுக்கமாட்டார்கள். ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரைகளோடு கூடுதலாகவே கொடுப்பார்கள். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு, எத்தனை முறை வலிப்பு வந்தது என்று குடும்பத்தினர் நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும். பிறகு ஒரு பகுதியினருக்கு உண்மையான மருந்தும் மறுபகுதியினருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும், யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாதபடி வழங்கப்படும். இத்தகைய ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் பத்து முதல் இருபது சதவீதத்தினருக்கு வலிப்பு பாதியாகக் குறைவது வழக்கமாகக் காணப்படுகிறது. வலிப்பு நோய் தானாகவே ஏறி இறங்கும் தன்மை கொண்டது; மிக மோசமான மாதத்தில்தான் குடும்பங்கள் புதிய வழியைத் தேடுகின்றன; அடுத்த மாதம் எதைச் செய்தாலும் சற்றுக் குறைவாகத் தெரியும். ஒரு பொடியைத் தொடங்கிய பின் வலிப்பு குறைந்ததாகச் சொல்லும் பெற்றோர் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மையே. அது பொடியால் நேர்ந்ததா என்பதை அவர்களால் தனித்து அறிய முடியாது. இரண்டு குழுக்களையும் அருகருகே வைத்து எண்ணினால் மட்டுமே அது தெரியவரும். அப்படி எண்ணி முடிக்கும்வரை, ஆய்வில் சேர்ந்த எவருடைய பழைய மாத்திரையிலும் ஒரு வேளைகூடக் குறைக்கப்படுவதில்லை.